சூடு ஏறாத குழாய்

குழாய் சூடாகவில்லை.

அதை முதலில் கவனித்தது தமிழ்வாணி என்றுகூடச் சொல்ல முடியாது, அவளுடைய உள்ளங்கை. ஆறு வருடமாக, விடிந்தும் விடியாத நேரத்தில் மதுரையில் வீடு வீடாகப் போய் வெறும் வயிற்று ரத்தம் எடுத்த கை அது. ஊசி வழியாக ரத்தம் இறங்க இறங்க, குழாயிலிருந்து ஓர் இளஞ்சூடு கிளவுஸைத் தாண்டி விரல்களுக்கு வரும். பச்சைப் பிள்ளைக்கும் அப்படித்தான், படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கும் அப்படித்தான். அவளுக்கு அது பழகிப்போய், இருக்கிறது என்பதே மறந்துபோன சூடு. இன்று மஞ்சள் மூடிக் குழாய் பாதிக்கு மேல் நிரம்பியும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மருந்துக் குப்பியைப் பிடித்திருப்பதுபோல் இருந்தது.

"என்ன புள்ள, முழிச்சுக்கிட்டு நிக்கிற?"

"ஒண்ணுமில்லங்கய்யா. இன்னும் ரெண்டு குழாய்தான்."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் சோணை. ஐம்பத்தெட்டு வயது என்று சீட்டில் இருந்தது. கட்டுமஸ்தான உடம்பு, சாயம் பூசிய மீசை. கோச்சடையில் வைகைக் கரையோரம், அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே மிஞ்சிக் கிடந்த ஒரு வயல் துண்டும் பத்துப் பன்னிரண்டு தென்னைகளும் ஒரு மோட்டார் ரூமும் அவருடையவை. வீடு அதை ஒட்டி இருந்தது. கூடத்தில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. ஒரு கொத்து ஊதுபத்தி ஒன்றாக எரிந்துகொண்டிருந்தது. அந்தப் புகைக்கு அடியில், நாலைந்து நாள் மாற்றாத பூஜைச் செம்புத் தண்ணீரின் வாடை ஒன்று தரையோடு தரையாகப் படர்ந்திருந்தது. அடுக்களை வாசலில் அவர் மனைவி அன்னக்கொடி முந்தானையை வாயில் பொத்தியபடி நின்றிருந்தாள்.

உள்ளே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி தமிழ்வாணிக்கு இன்னும் காந்திக்கொண்டிருந்தது.

"எங்கிருந்து வார?"

"ஒத்தக்கடைங்கய்யா."

"ஒத்தக்கடையில எந்தப் பக்கம்? எந்தத் தெரு?"

அந்தக் கேள்வி தெருவைப் பற்றியதல்ல என்று அவளுக்குத் தெரியும். சொன்னாள். அவர் அவள் கைகளைப் பார்த்தார்.

"கிளவுஸப் போட்டுக்க. வெறுங்கையோட என்னையத் தொடாத."

கிளவுஸ் இல்லாமல் அவள் யாரையும் தொட்டதில்லை. ஆனால் அவர் சொல்லிப் போட்டுக்கொள்வதாக ஆகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள். ஸ்பிரிட் பஞ்சை ஊசி குத்துகிற இடத்தில் வைத்து உள்ளிருந்து வெளியே வட்டமாகத் துடைத்து, ஈரம் தானாகக் காய முப்பது எண்ணி, காய்ந்த இடத்தை மறுபடி விரலால் தொடாமல் ஊசியை இறக்கினாள். முதலில் மஞ்சள் மூடி, பிறகு ஊதா, கடைசியில் சாம்பல். இந்த வரிசை மாறக்கூடாது. ரத்தம் உறையாமலிருக்க ஊதாக் குழாயில் ஒரு மருந்து தடவியிருக்கும். அதில் ஒரு துளி மஞ்சளில் கலந்தாலும் பொட்டாசியம் ஏறி, கால்சியம் இறங்கி, மொத்தக் கணக்கும் புரண்டுவிடும்.

ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தினாள். எடுத்துப் பார்த்தபோது பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. பொட்டு ரத்தம் இல்லை. நல்லதாகப் போயிற்று என்றுதான் அப்போது நினைத்தாள்.

வாசல்வரை அன்னக்கொடி கூட வந்தாள். "தாயி, ரிப்போர்ட்டு எம் போனுக்கு மட்டும் அனுப்பச் சொல்லு. அவுக போனுக்கு வேணாம். ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏய், அவ பை வச்சிருந்த ஸ்டூலக் கழுவி விடுடி."

தமிழ்வாணி ஸ்கூட்டரை உதைத்த உதையில் முழங்கால் வலித்தது.

காளவாசலில் இருந்த லேப்பிலிருந்து பதினோரு மணிக்கு அழைப்பு வந்தது. பொறுப்பாளர் செல்வக்குமார் தன் அறைக் கதவைத் திறந்தே வைத்திருந்தார். வரவேற்பில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"கோச்சடை சோணை. பொட்டாசியம் இருபத்திரண்டு. அஞ்சுக்கு மேல போனாலே நான் டாக்டருக்குப் போன் போடணும். சுகர் மூணு. எழுபது இல்லம்மா, மூணு. உசுரோட இருக்குற ஆளுக்கு இது வருமா?"

"நான் எடுக்கும்போது உக்காந்து பேசிக்கிட்டு இருந்தாரு சார்."

"அதத்தான நானும் சொல்றேன். ஆளு நல்லா இருக்காருன்னா சாம்பிள் கெட்டிருக்கு. நீ கெடுத்திருக்க. ஊதாவுல எடுத்தத மஞ்சள்ல ஊத்தினியா?"

"ஊத்தினா கால்சியம் அடியோட எறங்கியிருக்கணுமே சார். கால்சியம் சரியாத்தான இருக்கு?"

செல்வக்குமார் தாளைப் பார்த்தார். கால்சியம் சரியாகத்தான் இருந்தது. அதற்காகவே அவள்மேல் அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது தெரிந்தது.

"அப்ப வெயில்ல போட்டிருப்ப. எங்கயாவது நின்னு டீ குடிச்சிருப்ப."

"ஆறு பத்துக்கு எடுத்தேன் சார். ஆறு அம்பதுக்கு இங்க குடுத்துட்டேன். போன்ல நேரம் இருக்கு. அதே பையில இருந்த மத்த ஒம்பது சாம்பிளும் சரியா இருக்குல்ல? இது மட்டும் எப்படிக் கெட்டுச்சு?"

"எதுத்துப் பேசுறதுக்கு மட்டும் வாய் இருக்கு. உங்களுக்கெல்லாம் வேலையக் குடுத்தா இப்படித்தான். சுத்தம்னா என்னன்னே தெரியாது."

உங்களுக்கெல்லாம். அந்தச் சொல்லை அவர் அழுத்திச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார். வரவேற்பில் யாரோ செருமினார்கள். தமிழ்வாணி தன் கைகளைப் பார்த்தாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை கழுவி, விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்துபோன கைகள். ஏற்கெனவே அவள் பேரில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் இருந்தது, இதேபோல் எதிர்த்துப் பேசியதற்கு. இன்னொன்று வந்தால் வேலை போகும். ஆறு வருடம் உழைத்ததற்கு ஒரு சான்றிதழ்கூடக் கையில் இருக்காது. ரத்த மாதிரியை மாசுபடுத்துகிறவள் என்று பெயர் வந்தால் ஊரில் எந்த லேப்பும் சேர்க்காது.

"நாளை மறுநாள் மறுபடி போறேன் சார். பாத்துக்கிட்டே இருங்க. இதே கணக்குதான் வரும்," என்றாள். கோபத்தில்தான் சொன்னாள். சொன்ன பிறகு, எதற்காக அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் அங்கே இருந்தாள். வைகையில் தண்ணீர் இல்லை. கரையில் நாணலுக்குள் ஏதோ பறவை ஒற்றைக் குரலில் கத்திக்கொண்டிருந்தது. தென்னைகளுக்கு அப்பால் அடுக்குமாடிகளில் ஒவ்வொரு ஜன்னலாக விளக்கு எரிய ஆரம்பித்தது. எங்கோ குக்கர் விசில், எங்கோ டிவியில் பக்திப் பாட்டு. சோணை வீட்டு வாசற்படியைத் தாண்டியதும் அந்தச் சத்தமெல்லாம் யாரோ மூடி போட்டதுபோல் நின்றது. ஊதுபத்தி கூடியிருந்தது. வாடையும் கூடியிருந்தது.

அவர் அதே நாற்காலியில், அதே சட்டையில், அதே நிமிர்வில் இருந்தார். எழுந்து போய் வந்து உட்கார்ந்தவர் மாதிரி தெரியவில்லை.

தமிழ்வாணி எல்லாம் புதிதாகக் கொண்டு வந்திருந்தாள். குழாய்களின் காலாவதித் தேதியைப் போனில் படம் பிடித்தாள். உறை பிரிக்காத ஊசியைப் படம் பிடித்தாள். கைகழுவி, கிளவுஸ் மாட்டி, வலது கையை நீட்டச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை குத்திய துளை அங்கே இருந்தது.

ஆறாமல் இருந்தது என்று சொல்ல முடியாது. புண் இருந்தால்தானே ஆறும். பொருக்குத் தட்டவில்லை. கன்றிப்போகவில்லை. சிவக்கவில்லை. அட்டையில் குண்டூசி குத்தி எடுத்த மாதிரி ஒரு துளை, வட்டமாக, காய்ந்து, திறந்து கிடந்தது.

"அந்தக் கைய நீட்டுங்கய்யா," என்றாள்.

இடது கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். நரம்பு எழவில்லை. விரலால் தடவித் தேடிக் குத்தினாள். வந்தது. கறுப்பாக, அவசரமில்லாமல், கசிகிற குழாயில் கடைசித் தண்ணீர் வருவது மாதிரி வந்தது. உள்ளங்கை சூட்டுக்குக் காத்திருந்தது. வரவில்லை. பட்டையை அவிழ்த்தாள். பட்டை பதிந்த பள்ளம் சதையில் அப்படியே நின்றது. நிரவவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நிரவவே இல்லை.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. பேசும்போது மட்டும் அவர் மார்பு ஏறி இறங்கியது. பேசாதபோது, சட்டைப் பித்தான்கள் ஐந்தும் சுவரில் அடித்த ஆணிகள் மாதிரி நின்றன.

"எம்புட்டு ரத்தம்தான் எடுப்ப?" என்றார். மார்பு ஒரு முறை உயர்ந்தது. இறங்கியது. நின்றது.

குழாய்களைப் பெட்டியில் வைக்கும்போது ஒன்று தரையில் உருண்டது. அதை அன்னக்கொடி எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது கண்ணால் பின்பக்கத்தைக் காட்டினாள்.

மோட்டார் ரூமுக்குப் பின்னால் வாழைக்கன்றுகள் மறைவில் நின்று பேசினார்கள். அன்னக்கொடியின் இரண்டு மணிக்கட்டிலும் விரல் பதிந்த நீலத் தடங்கள் வளையல்கள் மாதிரி இருந்தன.

"உன் லேப்புல கணக்குத் தப்புன்னு போன் பண்ணாக. தப்பா தாயி? நீ சொல்லு. நீதான தொட்ட."

தமிழ்வாணி உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டாள்.

"பதினோரு நாளைக்கு முன்ன இந்த மோட்டாரு ரூமுக்குள்ளதான் கெடந்தாக. மோட்டாரத் தொட்டிருக்காக, கரண்டு அடிச்சுத் தூக்கிப் போட்டுருச்சு. நெஞ்சுல காத வச்சுப் பாத்தேன். மூக்குல கைய வச்சுப் பாத்தேன். ஒண்ணுமில்ல. உள்ளங்காலு சில்லுன்னு ஆயிருச்சு. நான் அழுகல. அதையும் ஒன்கிட்டச் சொல்லிப்புடுறேன். முப்பத்தோரு வருசம் அந்தக் கையால அடி வாங்கியிருக்கேன், எனக்கு அழுக வரல. அண்ணமாருக்குச் சொல்லணும்னு போன எடுக்க வீட்டுக்குள்ள போனேன். திரும்பிப் பாத்தா வாசப்படியில நிக்கிறாக. எங்கடி போற, சோத்தப் போடுங்குறாக."

"சாப்பிட்டாரா?"

"பெசஞ்சு வச்சுக்கிட்டே இருந்தாக. வாயில வைக்கல. இந்நாள்வரைக்கும் ஒரு வாய்த் தண்ணி குடிக்கல. ராத்திரி பூராம் என் கையப் புடிச்சுக்கிட்டு முழிச்சே கெடக்காக. அண்ணமாருகிட்டச் சொன்னா எனக்குக் கிறுக்குங்குறாக. இவுக ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்குறாக. சுகர் பாக்கணும்னு பொய் சொல்லித்தான் உன்னையக் கூப்பிட்டேன். காயிதத்துல எழுதி வந்தா நம்புவாகள்ல? எவனோ ஒருத்தன் கையெழுத்துப் போட்டு, இந்த ஆளு செத்துட்டான்னு எழுதிக் குடுத்தா நம்பித்தான ஆகணும்?"

வீட்டுக்குள்ளிருந்து சத்தமில்லை. ஜன்னல் சாத்தியே இருந்தது. ஆனால் அதற்கு அந்தப் பக்கம் யாரோ நிற்பதாகத் தமிழ்வாணியின் பிடரி சொன்னது.

"நான் எடுத்ததுல தப்பில்லக்கா," என்றாள். தாயி என்று கூப்பிட்டவளை அக்கா என்று கூப்பிட அந்த நேரத்தில்தான் வாய் வந்தது. "கணக்க மாத்த விட மாட்டேன்."

லேப்பில் அதே கணக்கு வந்தது. பொட்டாசியம் கொஞ்சம் ஏறியிருந்தது. உறைகிறதா என்று பார்க்க அவள் தனியாக எடுத்து வைத்த ஒரு குழாய், அரை மணி நேரத்தில் கட்டியாகியிருக்க வேண்டியது, மத்தியானம் வரை தண்ணீராகவே ஆடியது. செல்வக்குமாரின் முகத்துக்கு நேரே அதைச் சாய்த்துக் காட்டினாள். அவர் அதைப் பார்க்கவில்லை. மேசைமேல் டைப் அடித்த ஒரு தாளைத் தள்ளினார்.

என் கவனக்குறைவாலும் சுத்தமின்மையாலும் நோயாளியின் ரத்த மாதிரி இருமுறை மாசுபட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"கையெழுத்துப் போடு."

"போட மாட்டேன்."

"போடலன்னா?"

"நீங்களே வாங்க சார். உங்க கையால எடுங்க. அப்பறமும் தப்புன்னு வந்தா, கையெழுத்து என்ன, கைநாட்டே வைக்கிறேன்."

வரவேற்பில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செல்வக்குமார் சிரித்தார். "நாளைக்கு வாரேன். எப்படி எடுக்கணும்னு நின்னு பாரு. பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பு."

வெள்ளிக்கிழமை அவர் பைக்கில் முன்னால் போனார். அவள் ஸ்கூட்டரில் பின்னால் போனாள். முந்தின இரவு அவள் தூங்கவில்லை. பயத்தால் அல்ல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பக்கத்தில் படுத்திருந்த கணவன் மூச்சு விடுவதை விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

சோணை செல்வக்குமாரை வரவேற்ற விதமே வேறாக இருந்தது. எந்த ஊர், யார் மகன் என்று இரண்டே கேள்வி. நாகமலைப் பக்கம் என்றதும், பெரியவர் ஒருவரின் பெயரைச் சொல்லிக் கேட்டதும், முறை அமைந்துவிட்டது. "அட, அப்ப நமக்கு மாப்ள! உக்காருங்க மாப்ள. ஏய், காப்பி போடுடி."

செல்வக்குமார் கிளவுஸ் போடவில்லை. ஸ்பிரிட் பஞ்சால் குறுக்கும் நெடுக்கும் ஒரு இழுப்பு இழுத்தார். காய்வதற்கு வாயால் ஊதினார். துடைத்த இடத்தையே மறுபடி விரலால் அழுத்தி நரம்பைத் தேடினார். அவள் செய்திருந்தால் தொலைந்தாள். நிலைப்படியில் நின்றபடி ஒவ்வொன்றையும் பார்த்தாள், நகத்தை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு. இவர்தான் அவளுக்குச் சுத்தம் சொல்லிக் கொடுக்கிறவர்.

"பயிற்சி இல்லாத பிள்ளைகள அனுப்பிட்டோம் மாமா. மன்னிச்சுக்கங்க," என்று சொல்லிக்கொண்டே குத்தினார்.

"அதுக்கென்ன மாப்ள. ஆளு பாத்து அனுப்பணும்ல."

"இனிமே நானே வந்து..."

நின்றது.

குழாயைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் ஒரு முறை விரிந்து, மறுபடி பிடித்தன. கிளவுஸ் இல்லாத விரல்கள். வெறும் விரல்கள். அவர் குழாயைப் பார்த்தார். பிறகு சோணையின் கையை. வலது கையில் ஒரு துளை. இடது கையில் ஒன்று. இப்போது மூன்றாவது. செல்வக்குமாரின் மற்ற கையின் இரண்டு விரல்கள், யாரும் சொல்லாமல், சோணையின் மணிக்கட்டு நாடிக்குப் போயின. அங்கே இருந்தன. கொஞ்சம் நகர்ந்தன. அழுத்தின. மறுபடி நகர்ந்தன. கடிகாரத்தின் முள் மட்டும் கூடத்தில் நடந்துகொண்டிருந்தது.

"என்னத்தத் தேடுறீங்க மாப்ள?"

செல்வக்குமார் கையை எடுத்தார். இரண்டாவது குழாயைத் தொடவில்லை. ஊசியை உருவினார். பஞ்சு வைக்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

"ஒண்ணுமில்ல மாமா. எல்லாம் நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு."

"முகம் செத்துப்போச்சே மாப்ள."

"வெறும் வயிறு மாமா. அதான். வாரேன்."

காப்பி டம்ளரோடு வந்த அன்னக்கொடியை இடித்துக்கொண்டு வெளியேறினார். தமிழ்வாணி பின்னால் ஓடினாள். கேட்டுக்கு வெளியே, பைக்கில் சாய்ந்து நின்று, ஸ்பிரிட் பாட்டிலை முழுசாகத் தன் கைகள்மேல் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். முழங்கைவரை. மறுபடி. மறுபடி.

"தெரிஞ்சிருச்சுல்ல சார்?"

"என்ன தெரிஞ்சிருச்சு?"

"நாடி இல்ல."

"எனக்கு ஒண்ணும் தெரியாது." குழாயைத் தரையில் போட்டு மண்ணைத் தள்ளினார். "மூணாவது சாம்பிள் எடுக்கவே இல்ல. முதல் ரெண்டும் மாசுபட்டுப்போச்சு. யாரு எடுத்ததுன்னு லெட்டர்ல இருக்கு. சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போட்டுரு. இந்த விலாசத்துக்கு இனிமே யாரும் வரக்கூடாது."

"உங்க கையாலதான சார் எடுத்தீங்க? நீங்களே தொட்டுப் பாத்துட்டு..."

"நான் என்னம்மா எழுதுறது? என்னன்னு எழுதச் சொல்ற?" என்று கத்தினார். குரல் உடைந்தது. பைக் கிளம்பிப் போயிற்று.

அவளும் போயிருக்கலாம். ஸ்கூட்டரின் சாவி கையில் இருந்தது. ஆனால் அவளுக்குள் மூன்று நாளாகக் கனன்றது அப்போது முழுசாகப் பற்றிக்கொண்டது. தெரிந்த பிறகும் பொய் என்று எழுதுகிற கை. அந்தக் கைக்குச் சுத்தமான கை என்று பெயர். உள்ளே ஒருத்தி முப்பத்தோரு வருடத்தையும் பன்னிரண்டு இரவையும் தாங்கி, இப்போது ஒரு காகிதத்தை நம்பி நிற்கிறாள். அந்தக் காகிதம் வராது.

திரும்பி உள்ளே போனாள். செருப்பைக் கழற்றவில்லை.

"அக்கா, வாங்க. எங்கூட வாங்க."

அன்னக்கொடி அடுக்களை வாசலில் சிலையாக நின்றாள். "ரிப்போர்ட்டு?"

"வராதுக்கா. அவன் எழுத மாட்டான். நான் சொல்றேன். நீங்க சொன்னது நெசம். கெளம்புங்க."

அன்னக்கொடியின் முகம் முதலில் அழப்போவதுபோல் கோணியது. பிறகு அது அழுகை இல்லை என்று தெரிந்தது. காப்பி டம்ளரைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். நேராகத் தலைவாசலுக்குப் போய், தெருவைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"செத்துட்டான்யா! எம்புருசன் செத்து நாளாச்சு! யாராச்சும் வந்து எடுத்துட்டுப் போங்கய்யா! செத்தும் என்னைய விட மாட்டேங்குறான்யா!"

நாற்காலி கிறீச்சிட்டது. தமிழ்வாணி திரும்பினாள். சோணை எழுந்து வந்துகொண்டிருந்தார். மெதுவாக. முழங்கால்கள் சரியாக மடங்கவில்லை. அவளைத் தாண்டிப் போனபோது அந்த வாடை முகத்தில் அறைந்தது. ஊதுபத்தி இல்லாமல், மறைப்பு இல்லாமல். மனைவியின் காதுக்கு அருகே குனிந்து, தமிழ்வாணிக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?"

மார்பு ஏறவில்லை. இறங்கவில்லை. மூச்சே இல்லாமல் வந்தது அந்தக் குரல்.

அதற்குள் கேட்டில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அடுக்குமாடியிலிருந்து நடைக்கு வந்த இரண்டு பேர், பால் பாக்கெட் போடுகிறவர், எதிர் வீட்டுப் பெண், பக்கத்துத் தோப்புக் கண்ணுச்சாமி. மேலே பால்கனிகளில் தலைகள் தெரிந்தன. வெயில் தென்னைக்கு மேல் ஏறி வாசலில் பளிச்சென்று விழுந்தது. சோணை அந்த வெயிலில் நின்றார். மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஒண்ணுமில்லப்பா. இவளுக்கு மனசு சரியில்ல. ரெண்டு வாரமா இப்படித்தான். மருந்து மாத்தணும்."

"பாவம்ணே," என்றார் கண்ணுச்சாமி. "நல்லா இருந்த மனுசி."

"பொய்!" என்று கத்தினாள் தமிழ்வாணி. "பாக்குறவங்க யாராச்சும் ஒருத்தர் வாங்க. வந்து தொட்டுப் பாருங்க. கையப் பிடிச்சு நாடி பாருங்க. ஒரே ஒருத்தர்!"

"நீ யாரும்மா?" என்றார் நடைக்கு வந்தவர்களில் ஒருவர். "இந்த வீட்டுக்குள்ள ஒனக்கு என்ன வேல?"

"லேப்புலருந்து ரத்தம் எடுக்க வந்த பிள்ள," என்றார் சோணை. "தப்புத் தப்பா எடுத்துட்டு, மாட்டிக்கிட்டு, இவளத் தூண்டி விடுது. ஒத்தக்கடைப் பக்கம்."

"அதான," என்றாள் எதிர் வீட்டுப் பெண்.

"தொட்டுப் பாருங்க!"

யாரும் தொடவில்லை. ஐந்தடி தூரம். அதைத் தாண்டி ஒரு கால்கூட வரவில்லை.

அப்போது ஒரு ஈ வந்தது. கொழுத்த பச்சை ஈ. சோணையின் தலையைச் சுற்றியது. மீசையில் உட்கார்ந்தது. கன்னத்தில் ஏறியது. பிறகு அவருடைய திறந்த வலது கண்ணின் வெள்ளையில் இறங்கியது.

நடந்தது. கருவிழி வரைக்கும். நடுவில் நின்றது. முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டது.

சோணை இமைக்கவில்லை. சிரித்தபடியே நின்றார்.

எல்லோரும் பார்த்தார்கள். கண்ணுச்சாமி பார்த்தார். பால்காரர் பார்த்தார். எதிர் வீட்டுப் பெண்ணின் கை அவள் வாய்க்குப் போனது, பிறகு இறங்கியது. நடைக்கு வந்தவர் தன் ஷூவின் கயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டார். நேரம் போயிற்று.

"சரிண்ணே," என்றார் கண்ணுச்சாமி கடைசியில், தரையைப் பார்த்து. "ஒடம்பப் பாத்துக்கங்க. வாரோம்."

சோணை தலையசைத்தார். பிடித்திருந்த மணிக்கட்டை உள்ளே இழுத்தார். தமிழ்வாணி பாய்ந்தாள். யாரோ பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்தார்கள், இரண்டு பேர், சூடான கைகள், இறுக்கமாகப் பிடித்தார்கள். கதவு சாத்திக்கொண்டு வந்தது. இடைவெளியில் அன்னக்கொடியின் முகம். கத்தவில்லை இப்போது. அதற்கு மேலே அவருடைய முகம், சிரித்தபடி. ஈ இன்னும் கண்ணிலேயே இருந்தது.

தாழ்ப்பாள் விழுந்தது.